பதிப்புப் பக்கத்தில் இல்லாத பெயர்

சொந்தமாகப் புத்தகம் எழுதி, சொந்தமாகவே வெளியிடுவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்புகள் தமிழில் இப்போது நிறைய வந்துவிட்டன. முதல் பாடம் அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். வீடு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சிடுங்க. காலை நாலு மணி, ஒரு டம்ளர் காப்பி, சாத்திய கதவு, தினம் ஐநூறு சொற்கள். அப்புறம் அட்டை, ஐ.எஸ்.பி.என்., கிண்டில், தேவைக்கேற்ப அச்சு. எல்லாமே பயனுள்ள தகவல்கள், நானும் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்துக்குள் ஒரு சித்திரம் ஒளிந்திருக்கிறது. எழுத்தாளர் ஒரு பக்கம், குடும்பம் எதிர்ப்பக்கம். குடும்பம் தூங்கினால்தான் எழுத்து விழிக்கும்.

நான் பாபநாசம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். தனியார் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். வீட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நாலு மணிக்கெல்லாம் அத்தை வாசல் தெளித்து முடித்திருப்பார், நடவு நாள்களில் அதற்கும் முன்னாலேயே அடுப்பு எரியும். டெல்டாவில் நேரத்தைப் பங்குபோடுவது கடிகாரம் இல்லை, தண்ணி. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை. ஆகஸ்ட் வாக்கில் சம்பாவுக்கு விதை. தையில் அறுப்பு. அறுத்ததைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, எடை போடும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாள்கள் தனி. இந்தக் கணக்கில் 'தினம் ஐநூறு சொல்' எங்கே போய் உட்காரும்?

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். இந்த மண்ணில் எழுதியவர்கள் வீட்டை வைத்துக்கொண்டு எப்படி எழுதினார்கள்? சொந்தக் காசைப் போட்டவர்கள் எதை இழந்தார்கள், எதைப் பெற்றார்கள்? அவர்களைத் திரும்பப் படித்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சொந்தப் பதிப்பு தனி ஆள் வேலையாக இருந்ததே இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். கையெழுத்தாக, காசாக, முதல் காதாக. அவருக்கு 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருந்ததா இல்லையா என்பது புத்தகத்தின் பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

1

தஞ்சாவூரில் சொந்தப் பதிப்பு என்றால் ஆபிரகாம் பண்டிதரில்தான் தொடங்க வேண்டும். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தஞ்சாவூருக்கு ஆசிரியராக வந்து, அந்த வேலையை விட்டுவிட்டு சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து நன்றாக விற்றது. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டார், பயிர்களை வைத்துச் சோதனைகள் செய்தார். மருந்தில் வந்த பணம் இசைக்குப் போனது. 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துத் தன் செலவில் மாநாடுகள் நடத்தினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம். அதை அச்சிட்டது லாலி எலக்ட்ரிக் அச்சகம், அதுவும் அவருடையதே. பதிப்பகம் தேடி அலையாமல் அச்சு யந்திரத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட மனுஷர்.

ஆனால் அது தனி ஆள் புத்தகம் இல்லை. அவருடைய சுருதிக் கணக்கு சரியா என்று ஏட்டில் மட்டும் நிரூபிக்க முடியாது, யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் வீணையில் வாசித்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். மகள் மரகதவல்லி அவர்களில் ஒருவர். 1919-இல் பண்டிதர் காலமானார். சாகரத்தின் இரண்டாம் புத்தகத்தை 1946-இல், இருபத்தேழு வருஷம் கழித்து, வெளியே கொண்டுவந்தவரும் மரகதவல்லி துரைபாண்டியன்தான். முதல் புத்தகத்துக்குச் சோதனைக்கூடமாக இருந்த வீடு இரண்டாம் புத்தகத்துக்குப் பதிப்பகம் ஆனது. இருபத்தேழு வருஷம் ஒரு பெண் அப்பாவின் கைப்பிரதியைக் காப்பாற்றி வைத்திருப்பது என்றால் என்ன என்று குடும்பம் நடத்துகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை தடவை பரணை ஒழித்திருப்பார்கள்!

இனி புத்தகத்தைப் பற்றி. பண்டிதரின் வாதம் துணிச்சலானது. சுருதி இருபத்திரண்டு என்று வழிவழியாகச் சொல்லிவந்ததை மறுத்து, இருபத்துநான்கு என்கிறார், சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார். பழந்தமிழ் இசையைப் பற்றிப் பின்னால் பேசியவர்கள் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. இருந்தாலும் படிக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது. மாற்றுக் கருத்து சொன்ன ஒவ்வொருவரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பதில், ஒவ்வொரு பதிலுக்கும் கணக்கு. ஒரே வாதம் பல உடுப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சகம் சொந்தம், தாள் சொந்தம், ஆசிரியர் குடும்பத் தலைவர், ஊருக்கே பெரிய மனிதர். 'அப்பா, இதை முன்னாடியே சொல்லிட்டீங்க' என்று யார் சொல்லியிருக்க முடியும்?

இதை நான் பண்டிதர் மேல் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பதிப்பகமும் அன்றைக்கு இப்படி ஒரு நூலை ஏற்றுப் போட்டிருக்காது. சொந்த அச்சகம் இல்லாவிட்டால் சாகரமே இல்லை. சாகரம் சாகரமாகப் பெருகினதுக்கும் அதே அச்சகம்தான் காரணம். சொந்தப் பதிப்பு தரும் சுதந்திரமும் அது வாங்கிக்கொள்ளும் விலையும் ஒரே யந்திரத்திலிருந்து வருகின்றன.

2

கும்பகோணத்தில் இன்னொரு வீடு. கு.ப. ராஜகோபாலன், 1902-இல் பிறந்தவர். தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்தபோது கண்ணில் புரை விழுந்து, பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. வேலையும் போனது. பிறகு சிகிச்சையில் பார்வை திரும்பியது. பார்வை இல்லாத நாள்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தங்கை கு.ப. சேது அம்மாள்.

கு.ப.ரா. கதைகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அவற்றில் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது ரொம்பக் கொஞ்சம். சொல்லாமல் விட்டதுதான் கதை. ஆசை, சலிப்பு, விதவை மனசு, புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருக்கும் மௌனம் எல்லாவற்றையும் நாலைந்து பக்கத்துக்குள் அடக்கிவிடுவார். இதற்குக் காரணம் தங்கையிடம் சொல்லி எழுதியதுதான் என்று நான் முடிவுகட்ட மாட்டேன், கண் நன்றாக இருந்தபோதும் அவர் கை அடக்கமான கைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தனியாக எழுதுகிறவர் முன்னால் வெறும் தாள். சொல்லி எழுதவைக்கிறவர் முன்னால் ஒரு முகம். எந்த வாக்கியத்தில் அந்தப் பேனா தயங்குகிறது என்று காதிலேயே கேட்டுவிடும். அதுவும் பெண் மனசைப் பற்றிய ஒரு வாக்கியத்தை ஒரு பெண்ணிடம் சொல்லும்போது!

சேது அம்மாள் பேனாவை அண்ணனுக்காக மட்டும் பிடிக்கவில்லை. தன் பெயரில் கதைகள் எழுதினார், தொகுப்புகள் வந்தன. அவர் எழுதக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அந்த வீடு. நம் இலக்கிய வரலாறுகளில் அவர் பெயர் பெரும்பாலும் 'கு.ப.ரா.வின் தங்கை' என்ற அடைமொழியோடு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவரை முழுசாகப் படித்து ஒரு கட்டுரை எழுத யாராவது முன்வந்தால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

இதே கதையைத் தலைகீழாகத் திருப்பினால் வை.மு. கோதைநாயகி. அவர் சென்னை திருவல்லிக்கேணிக்காரர். டெல்டாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், நடுவில் மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். துப்பறியும் நாவல்களால் பெயர்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார். 'மனோரஞ்சனி' என்று சொந்தப் பத்திரிகை நடத்தியவர். 1901-இல் பிறந்து, ஐந்தாறு வயசிலேயே கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்த கோதைநாயகி, தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைச் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். அங்கே சொன்னவர் அண்ணன், எழுதியவர் தங்கை. இங்கே சொன்னதும் பெண், எழுதியதும் பெண். அடுத்து 'வைதேகி' நாவல், அதற்கு இடம் கொடுத்தது வடுவூராரின் 'மனோரஞ்சனி'. 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கோதைநாயகி தானே வாங்கி நடத்த ஆரம்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். கணவர் பார்த்தசாரதி பக்கபலமாக இருந்தார்.

அவர் நாவல்களை இன்று எடுத்துப் படித்தால் நீளம் தாங்காது, உபதேசம் தாங்காது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மாசாமாசம் சொந்தப் பத்திரிகைக்குத் தொடர்கதை போட்டே ஆக வேண்டிய கை அது. பண்டிதருக்கு நேர்ந்தது வேறு வடிவத்தில் இவருக்கும் நேர்ந்தது. பத்திரிகை சொந்தமானதும் 'வேண்டாம்' சொல்லும் ஆள் காணாமல்போனார். ஆனால் பட்டம்மாள் என்ற பெயர் நமக்குத் தெரிகிறதே, அதைக் கவனியுங்கள். கோதைநாயகியைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பெயர் கூடவே வருகிறது. எழுதிக்கொடுத்த கைக்கு ஒரு பெயர் கிடைத்த அபூர்வமான இடம் அது.

3

மறுபடி கும்பகோணம். எம்.வி. வெங்கட்ராம். 1920-இல் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர், பதினாறு வயசிலேயே 'மணிக்கொடி'யில் கதை வந்துவிட்டது. தொழில் பட்டு ஜரிகை வியாபாரம். கையில் காசு இருந்த காலத்தில், 1948-இல், 'தேனீ' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கரிச்சான் குஞ்சு துணைக்கு இருந்தார். தரமான பத்திரிகை. அதிக நாள் ஓடவில்லை. ஜரிகை கொடுத்த பணம் தாளிலும் மையிலும் கரைந்தது. பிற்பாடு வியாபாரமும் நொடித்தது. குடும்பத்துக்காக பழனியப்பா பிரதர்ஸுக்கு வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்களாக எழுதிக்கொடுத்தார், ஒன்றிரண்டு அல்ல, டஜன் கணக்கில். நம்முடைய அப்பா அம்மா பள்ளி நூலகத்தில் படித்த தலைவர் வரலாறுகள் சிலவற்றை எழுதியது இவர்தான் என்று தெரியாமலேயே படித்திருப்பார்கள்.

'எழுத்தையும் குடும்பத்தையும் சமாளிப்பது' என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற விஷயத்துக்கு இவ்வளவு கூலி கொடுத்த இன்னொரு டெல்டா எழுத்தாளர் எனக்குத் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அந்தக் கணக்கைக் கடைசியில் அவர் புத்தகமாகவே எழுதினார். 1992-இல் வந்த 'காதுகள்'. மறுவருஷம் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாயகன் மகாலிங்கம் எழுதுகிறவன், குடும்பஸ்தன், முருக பக்தன். அவன் காதுகளுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. ஆபாசமாக, கேலியாக, தத்துவமாக, இரவு பகல் பாராமல். வெங்கட்ராம் தன் அனுபவத்திலிருந்துதான் இதை எழுதினார் என்பது எல்லோரும் அறிந்தது.

இந்த நாவலை மனநோயின் பதிவாகப் படித்திருக்கிறார்கள், ஆன்மிகப் போராட்டமாகவும் படித்திருக்கிறார்கள். இரண்டும் சரி. நான் இதை வீட்டு நாவலாகப் படிக்கிறேன். காதுக்குள் உலகமே இரைந்துகொண்டிருக்கும்போது வெளியே அரிசி தீர்கிறது, கடன்காரர் வருகிறார், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். அந்த வறுமையை வெங்கட்ராம் அழுகையில்லாமல் எழுதுகிறார். வீட்டைக் கலையின் எதிரி ஆக்கவில்லை, கோயிலும் ஆக்கவில்லை. அவனுக்குக் கேட்பது வீட்டில் வேறு யாருக்கும் கேட்காது. எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த நிலைமைதான் இது, பல மடங்கு பெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. சாம்பார் கொதிக்கும்போது மனசுக்குள் ஒரு பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்கு நாம் வெறுமனே நிற்பது மட்டும்தான் தெரியும்.

ஆனால் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. நாவல் முழுக்க மகாலிங்கத்தின் காதுக்குள்ளேயே இருக்கிறது. அவன் மனைவியைப் பார்க்கிறோம், அவள் தாங்குவதைப் பார்க்கிறோம். அவள் என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. இத்தனை குரல்களுக்கு இடம் கொடுத்த ஒரு நாவலில் அவளுடைய குரல்தான் ரொம்பக் குறைச்சல். 'இதையெல்லாம் ஊர் படிக்கணுமா?' என்று கேட்கும் உரிமை அந்த வீட்டில் யாருக்கு இருந்திருக்கும்? இருந்திருந்தால் 'காதுகள்' நமக்குக் கிடைத்திருக்குமா?

4

இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. என்னிடம் பதினோரு கதைகள் இருக்கின்றன. இருநூறு பிரதி அச்சடிக்க ஒரு அச்சகத்தில் தொகை கேட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தொகை எங்கள் வீட்டில் ஒரு போகத்து உரத்துக்கு ஒதுக்கும் பணத்துக்குக் கிட்டத்தட்ட சமம். காசே இல்லாமல் கிண்டிலில் ஏற்றலாம், 2016 கடைசியிலிருந்து தமிழுக்கும் அங்கே இடம் இருக்கிறது. பண்டிதர் யந்திரம் இறக்கிச் செய்ததைக் கைப்பேசியிலேயே செய்துவிடலாம். பண்டிதரிடம் இல்லாத 'வேண்டாம்' சொல்லும் ஆள் மட்டும் எந்தச் செயலியிலும் கிடைப்பதில்லை.

எனக்கு அந்த ஆள் நாத்தனார். பன்னிரண்டாவது வரை படித்தவள், கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை. வாரம் ஒரு நாள் வருவாள். கதைகளை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒரு கதையில் வரும் ஆணைப் பற்றி, "அண்ணி, இந்த ஆளு வயல்ல நிக்கிறப்ப பள்ளிக்கூடத்துல பேசற மாதிரி பேசுறாரு," என்றாள். மூன்று பக்கம் போனது. கதை நன்றாயிற்று.

அத்தை சொன்னது வேறு. இன்னொரு கதையைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "எழுதுறத எழுதும்மா, அந்த விஷயம் மட்டும் வேணாம். தெருவுல எல்லாருக்கும் யாருன்னு தெரியும்." இதுவும் 'வேண்டாம்'தான். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் குடும்பத்தோடு எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நேர்கிற பெரிய ஆபத்து. ஒன்று கதைக்காகச் சொன்னது. இன்னொன்று மானத்துக்காகச் சொன்னது. முதல் சொல்லைத் தள்ளினால் பண்டிதரின் ஆயிரம் பக்கத்துக்குப் போய்ச் சேருவோம், அவருடைய மேதைமை இல்லாமல். இரண்டாவதை எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் 'காதுகள்' மாதிரி ஒரு புத்தகம் இந்த மண்ணில் வராது. எப்போதும் தள்ளிக்கொண்டே இருந்தால், பேசாத மனைவியைப் பக்கத்தில் நிறுத்திவைத்த அதே நாவலைத்தான் நாமும் திரும்ப எழுதுவோம்.

நாலு மணிக்கு எழச் சொல்லும் வகுப்புகள் தொடாத இடம் இதுதான். நேரத்தை எப்படியாவது திருடிவிடலாம், எல்லோரும் திருடுகிறோம். யார் சொன்ன 'வேண்டாம்' எதற்காக என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் ஒவ்வொரு கதைக்கும் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தை சொன்ன கதையை நான் எடுக்கவில்லை. அதில் அந்த வீட்டுப் பெண் பேசாமலே இருந்தாள். அவள் பேசுகிற மாதிரி ஒரு பகுதி சேர்த்து, அதை அத்தையிடமே வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். பிடிக்காமல் போகலாம். ஆனால் கேட்டுவிட்டுப் பிடிக்காமல் போகட்டும்.

படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சொந்தப் பதிப்பாக வந்த புத்தகம் கைக்கு வந்தால் அட்டையைப் பார்த்துவிட்டுப் பதிப்புப் பக்கத்தையும் பாருங்கள். அச்சகத்தின் பெயர் இருக்கும், அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கும், விலை இருக்கும். முதலில் படித்தவர் யார், திருத்தச் சொன்னவர் யார் என்று இருக்காது. விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைக் கேட்க ஆரம்பித்தால் எழுதுகிறவர்கள் போட ஆரம்பிப்பார்கள். சேது அம்மாளுக்குக் கிடைத்த ஒற்றை வரியாவது எல்லோருக்கும் கிடைக்கும்.

என் புத்தகத்தின் பதிப்புப் பக்கத்தில் 'முதல் வாசிப்பு' என்று ஒரு வரி வரும், அதில் நாத்தனார் பெயர். போன வாரம் அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எம்பேரு போடறதா இருந்தா, அந்த ஒன்பதாவது கதைய இன்னொரு தடவ எழுதிடுங்க அண்ணி."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.